பழைய குடும்பப் படங்களில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும்?

தாத்தா வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் படங்கள் கிடைத்திருக்கின்றன, ஸ்கேன் செய்தால் போதுமா, அசலை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேன் மட்டும் போதாது. அதோடு, நானாக இருந்தால் டிரங்குப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தைத்தான் முதலில் எடுப்பேன்.

எல்லாரும் வயதான படத்துக்குத்தான் பதறுகிறார்கள். 1940களின் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவிய பிரின்ட் என்றால், ஈரமும் பூச்சியும் படாதவரை நூறு வருஷம் ஓடும். 1970, 80களின் கலர் பிரின்டில் இருப்பதோ சாயம். ஆல்பத்தை மூடி பீரோவுக்குள் பூட்டி வைத்தாலும் அது வெளுக்கும். நீலப்பச்சைச் சாயம் முதலில் போவதால்தான் அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் பச்சைப் பட்டும் வாசல் வாழை மரமும் செங்கல் நிறத்தில் நிற்கின்றன. ஆகவே கலர் படங்களை இன்றே ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஸ்கேன் எவ்வளவு நுணுக்கம் என்பதைக் காட்டும் எண்) போதும், பாஸ்போர்ட் அளவென்றால் 1200. தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

பிசின் தடவிய தாளும் மேலே பிளாஸ்டிக் உறையுமாக வரும் ஆல்பம் என்றால் படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்துப் பாருங்கள். வரவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

சுவரில் மாட்டிய படங்களுக்கும் இதே கதைதான். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்காலத்தில் அது ஈரம் குடித்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுக் கொள்ளுத்தாத்தா படத்தின் சட்டத்தைக் கழற்றியபோது, பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே பழுப்பேறிய செய்தித்தாள், ஓரங்களில் ராமபாணப் பூச்சி அரித்த வளைவுகள், முன்பக்கம் கண்ணாடியில் ஒட்டிய தலைப்பாகை. பிரித்தால் முகமே வந்துவிடும் என்று தெரிந்ததால் கண்ணாடியோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தோம். இப்போது சுவரில் தொங்குவது அதன் நகல். பொட்டு, மாலை எல்லாம் நகலுக்கே! (லேமினேஷன் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் அசலைக் கொடுக்காதீர்கள். சூடாக ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது.)

இனி டிரங்குப் பெட்டிக்கு வரலாம். அதில் அவசரம் படத்துக்கு இல்லை, படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்குத்தான். எங்கள் வீட்டில் ஒரு ஸ்டுடியோ படம் உண்டு: பாவாடை சட்டை, பூத்தைத்த சடை, சடை தெரிவதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடி. யாரோ சின்ன வயதில் இறந்துபோன அத்தை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பெரியம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "அத்தையா? உங்க சித்தப்பாடா இது. முடி எறக்கறதுக்கு முன்னாடி சடை பின்னி எடுத்தது." பெரியம்மா சொல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தில் இல்லாத ஓர் அத்தை நிரந்தரமாகச் சேர்ந்திருப்பாள்.

அதனால் பெரியவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டி, போனில் ஒலிப்பதிவு போட்டுவிடுங்கள். கேள்வி அதிகம் கேட்க வேண்டாம், அவர்களே போவார்கள். பெயர், உறவு, ஊர் மூன்றையும் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும். பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், ஊரும் காலமும் அதிலிருந்து பிடிபடலாம். தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் ஆவணமாக்கியிருக்கிறது. நம் வீட்டு முத்திரைக்கும் மதிப்பு உண்டு.

அசலை எறியவே எறியாதீர்கள். பரண் வேண்டாம், அங்கே வெயில் காலத்தில் வேகும். படுக்கையறை பீரோவின் நடுத்தட்டு போதும். அமிலமில்லாத தாள் உறையில் போட்டு வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் வேண்டாம். வெள்ளத்தில் நனைந்துவிட்டால் சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலே பார்க்க, நிழலில் காயவையுங்கள். உடனே முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்கில் உங்களிடம், இன்னொன்றில் வேறு ஊரில் இருக்கும் அண்ணன் தங்கையிடம், மூன்றாவது கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில். கூகுள் கணக்கை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் அவர்கள் அழித்துவிடலாம். அதன் அமைப்புகளில் நமக்குப் பின் யார் கையில் போக வேண்டும் என்று குறிப்பிட இடம் இருக்கிறது. அடுத்த தலைமுறையில் ஆர்வமுள்ள ஒருவரின் மின்னஞ்சலை அதில் கொடுத்து வையுங்கள்.