முப்பதில் ஏழாவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினோலியத்தில் செதுக்கி, மையிட்டு அச்செடுத்த உங்கள் லினோகட் படங்களில், கிழவி ஒருத்தியின் படத்தைக் கண்காட்சியில் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அடியில் பென்சிலால் 7/30 என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அப்படியானால் என்னிடம் இருப்பது நகல்தானே? அசல் உங்களிடம் இருக்கிறதா? வரைந்த படத்தை ஸ்கேன் செய்து அச்சிட்டால் முடிகிற வேலைக்கு இத்தனை பாடு எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என்னிடம் இருப்பது மைக்கறை படிந்த ஒரு லினோலியத் துண்டு மட்டுமே. ஆளி விதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து சணல் துணியில் படியவைத்த, தரையில் விரிப்பதற்காகச் செய்த பொருள். அதில் அந்தக் கிழவி இடவலம் மாறிக் கிடக்கிறாள். அவள் முகம் நேராகத் தெரிவது காகிதத்தில்தான். முப்பது காகிதங்களும் அசல். அவற்றுக்கு முந்திய படம் எங்கும் இல்லை.

பென்சிலால் வரையும்போது வெள்ளைத் தாளில் இருட்டைச் சேர்க்கிறோம். லினோவில் உளி தொட்ட இடம் வெள்ளையாகிவிடும். தொடாமல் விட்டதே கறுப்பு. 1930-இல், உப்புச் சத்தியாகிரகத்தின்போது நந்தலால் போஸ் செதுக்கிய ‘பாபுஜி’யைப் பாருங்கள். காந்தி தடியூன்றி நடக்கிறார். சுற்றிலும் கறுப்பு, அதில் சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். தூரிகையில் கைதேர்ந்த ஓவியர் அவர். ஆனாலும் அந்த நடையின் உறுதி, திரும்பப் பெற முடியாதபடி வெட்டிய கோட்டிலிருந்து வருகிறது என்றே நான் நம்புகிறேன். அழிப்பான் கையில் இருந்தால் கோடு அப்படி விழாது.

எண்ணிக்கை பற்றி ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரே வண்ணப் படத்தில் முப்பது என்பது நான் கொடுக்கும் வாக்கு. செதுக்கிய லினோலியக் கட்டை இன்னும் பல அச்சுப் படிகளைத் தாங்கும். பல வண்ணப் படத்தில் அப்படியில்லை. பிக்காசோ 1950-களின் இறுதியில் தென் பிரான்சில் செய்ததுபோல, ஒரே கட்டையில் முதல் வண்ணத்தை அச்சிட்டு, மேலும் செதுக்கி, அடுத்த வண்ணத்தை அதன்மேல் ஏற்றுவோம். கடைசி வண்ணத்துக்கு வரும்போது கட்டையில் பெரும்பகுதி சீவல்களாகிப் போயிருக்கும். முப்பத்தொன்றாவது வேண்டுமென்றாலும் கிடைக்காது.

என்னிடம் அச்சு இயந்திரம் கிடையாது. கண்ணாடிப் பலகையில் மையைப் பரப்பி ரோலரை உருட்டுவேன். பட்டுப்புடவையின் மடிப்பு கலைவதுபோல மெல்லிய சரசரப்பு எழும். அதுவரை மை கட்டைக்குப் போகக் கூடாது. பிறகு காகிதத்தை ஒரே மூச்சில் படியவைத்து, மரக்கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்ப்பேன். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, மை பிடிக்காத இடத்தில் திரும்பவும் படியவைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு படிக்குக் கால் மணி நேரமாவது ஆகும். பத்துப் படிக்குள் மணிக்கட்டு கடுக்கத் தொடங்கிவிடும்.

அந்தக் கடுப்பும் படத்தில் ஏறத்தான் செய்கிறது. கிழவியின் தோளுக்குக் கீழே, சேலை மடிப்பருகே, கறுப்பு சற்று மெலிந்து காகிதத்தின் இழை தெரிவதைப் பாருங்கள். அங்கே கரண்டியின் அழுத்தம் குறைந்துவிட்டது. எட்டாவதில் அந்த இடம் முழுக் கறுப்பு. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களுடையதில் ஏழு என்று எழுதினேன்.