உயிர் இரசாயனம் படித்தவருக்குப் பயிர் விருத்தியில் என்ன வேலை?

உயிர் இரசாயனப் பட்டத்தோடு எண்ணெய் வித்துப் பயிர்களில் வேலை செய்யலாமா என்று திருகோணமலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. கலப்புச் செய்ய வேறு ஆள் இருப்பார். எந்த விதையை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று சொல்வது உங்கள் வேலை.

உங்கள் ஊர்க் கச்சானையே எடுங்கள். கட்டிவைத்த பருப்பு காறிப்போக முக்கிய காரணம் அதன் எண்ணெயிலுள்ள லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். அது காற்றோடு சீக்கிரம் தாக்கமுறும். எண்ணெயில் ஒலெயிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பமிலம் 80 சதவீதமளவில் உள்ள இனங்கள் கனநாள் தாங்கும். இந்தக் குணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு பின்னடைவு மரபணுக்கள் (தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவை) சேர வேண்டும். அதனால் இரண்டாம் தலைமுறையில் 16 விதைக்கு 1 தேறினாலே சரி. முதல் தலைமுறையைச் சோதித்து, 'ஒன்றுமில்லை' என்று கைவிடுவதுதான் வழக்கமான பிழை.

விதையைக் கொல்லாமல் சோதிக்கலாம். முளை இருக்கும் முனைக்கு எதிர்முனையில் சின்னத் துண்டு சீவி, அதன் கொழுப்பமிலங்களை மெதைல் எஸ்தராக்கி (எளிதில் ஆவியாகும் வடிவமாக்கி), அவற்றைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்துவார்கள். மிச்சத்தை நடலாம். ஆனால் வெட்டுவாயில் பூஞ்சணம் ஏறும். பூஞ்சணநாசினி தூவாவிட்டால் நட்டது அழுகும். துண்டுக்கும் விதைக்கும் ஒரே இலக்கம் போடுங்கள். மாறினால் ஒரு போகம் வீண்.

கனடாவில் ரேப் கடுகு என்ற எண்ணெய் வித்தில், உணவெண்ணெய்க்கு விரும்பப்படாத எரூசிக் அமிலத்தைக் குறைத்ததும் இப்படி அரைவிதையைச் சோதித்துத்தான். 1974 இல் வந்த 'டவர்' இனத்தில் அதோடு, பிண்ணாக்கைத் தீவனத்துக்கு உதவாமல் ஆக்கும் காரச் சேர்வையான குளுக்கோசினோலேற்றும் குறைவு.