அரசாணிக்காய்க்கு தண்ணி ஊத்தாதீங்க – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கங்கக்கா,

எனக்கு சொந்த ஊரு பெருந்துறை பக்கம், கல்யாணமாகி இப்ப ஆறு வருசமா அமெரிக்கால மிச்சிகன்ல இருக்கறோம். அக்டோபர் வந்துட்டா இங்க எங்க பாத்தாலும் பூசணிதானுங்க, கடை வாசல்ல குமிச்சு வெச்சிருப்பாங்க. ஹாலோவீனுக்கு (அக்டோபர் கடைசில பேய் வேசம் போடற பண்டிகை) எம்பொண்ணு ஒரு பெரிய காயை கண்ணு மூக்கெல்லாம் வெட்டி வாசல்ல வெச்சா, வீணா போகுதேன்னு அடுத்த நாளு அதையவே எடுத்து வேகவெச்சு பம்ப்கின் பை (மாவுக்குள்ள பூசணி விழுதை வெச்சு சுடற இனிப்பு) பண்ணுனேன். சப்புன்னு, தண்ணி தண்ணியா இருந்துச்சு, யாருமே சாப்பிடல. மிச்சத்துல அம்மா வெக்கற மாதிரி தட்டப்பயிறு போட்டு அரசாணிக்காய் (மஞ்சப் பூசணி, பறங்கிக்காய்னும் சொல்வாங்க) கொழம்பு வெச்சேன், தோலை சீவி குக்கர்ல மூணு விசில் விட்டு தொறந்தா எல்லாம் கூழு. அம்மாகிட்ட அளவு கேட்டா "எல்லாம் கண்ணளவுதான் சாமி"ங்கறாங்க. இப்ப அஞ்சு மணிக்கே இருட்டீருது, குளுருது, ஐப்பசி மழைக்கு எங்கூட்டுல ஆக்குன மாதிரி ஏதாச்சும் சூடா சாப்பிடோணும்னு இருக்குது. பொண்ணுக்கு அவ ஃப்ரெண்ட்ஸ் ஊட்டுல தர்ற மாதிரி கேக்கு வேணுமாம். தோட்டத்துல போய் பறிச்ச ஆப்பிள் வேற அரை மூட்டை கெடக்குது. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்கக்கா.

– ஒரு வாசகி, மிச்சிகன்

அம்மணி,

உங்க கடிதம் வந்தப்ப இங்க நாலு நாளா அடைமழை, வெறகெல்லாம் ஈரம், எங்கூட்டு அட்டாலில (பரண்ல) ரெண்டு அரசாணிக்காய் உக்காந்துட்டு இருக்குது. படிச்சதீமு ஒண்ணை எறக்கி வெட்டி கொழம்பு வெச்சுட்டுத்தான் பதில் எழுத உக்காந்தேன், ஏன்னா உங்க அம்மா சொன்ன கண்ணளவை நான் கையளவா சொல்லோணுமில்லீங்களா.

மொதல்ல ஒரு விசயம், கோவிச்சுக்காதீங்க. வெட்டி மெழுகுவத்தி ஏத்தி ராத்திரி பூரா வெளிய வெச்ச காயை சாப்பாட்டுக்கு எடுக்கவே கூடாது. வெட்டுன காய் வெளிய அத்தனை நேரம் கெடந்தா கெட்டுப் போக ஆரம்பிச்சிரும், வேகவெச்சாலும் அதை நம்பி புள்ளைக்கு குடுக்க முடியாது. அதை வாசலோட விட்டுருங்க.

ரெண்டாவது, அந்தக் காய் வேற, நம்ம அரசாணிக்காய் வேற. பூசணில பெரிய சாதி மூணு இருக்குது, பெப்போ, மாக்ஸிமா, மொஸ்காட்டா. ஹாலோவீனுக்கு வெட்டறது பெரும்பாலும் பெப்போ, தோலு மெலுசா, உள்ள நாரும் தண்ணியுமா இருக்கோணும்னே வளத்தறாங்க, அப்பத்தான் வெட்டறதுக்கும் கொடையறதுக்கும் சுளுவு. ருசிக்குன்னு வளத்தற காயே இல்லீங்க அது. நம்மூரு அரசாணி மொஸ்காட்டா. உங்க ஊரு கடைல மணி மாதிரி, கழுத்து நீளமா, சந்தன கலர்ல பட்டர்நட் ஸ்குவாஷ்னு விக்கறாங்க பாருங்க, அதுவும் மொஸ்காட்டாதான், நம்ம அரசாணிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வெச்சுக்கோங்க. இன்னொண்ணும் கேளுங்க, அமெரிக்கால டப்பால அடைச்சு பம்ப்கின் பைக்குன்னு விக்கற பூசணி விழுது இருக்குதே, அதுல முக்காவாசி இல்லினாய்ஸ்ல வெளையற டிக்கின்சன்ங்கற ரகம், அதுவும் மொஸ்காட்டா. ஆக அந்த ஊரு பாட்டிங்க பைக்கு எடுக்கறதும் உங்க அம்மா கொழம்புக்கு எடுக்கறதும் ஒரே சாதிக் காய். நீங்க ரெண்டு தடவையும் தோத்தது கைப்பக்குவத்துல மட்டுமில்ல, மொதல்ல காய்லயே தோத்துட்டீங்க.

சொல்லப்போனா இந்தப் பூசணிங்க எல்லாத்துக்கும் பூர்வீகம் அமெரிக்கா கண்டந்தான். மிளகாய், கள்ளக்காய் (நிலக்கடலை), மக்காச்சோளம் மாதிரியே, 1492ல கொலம்பஸ் அங்க போனதுக்கு அப்பறமா கப்பலேறி நம்ம பக்கம் வந்தது. எங்க அம்மிச்சிகிட்ட (அம்மாவோட அம்மா) இதை சொல்லியிருந்தா நம்பியே இருக்க மாட்டாங்க. ஆடில குப்பைமேட்டோரம் நாலு வெதை ஊனி, கொடி பட்டி வேலி மேல ஏறி, ஐப்பசி கார்த்திகைல காய் முத்தி, காம்பு காஞ்சு கட்டை மாதிரி ஆனதுக்கப்பறந்தான் அறுப்பாங்க, அதுவும் காம்போட. காம்பு ஒடஞ்சா அந்த வழியா அழுகல் பூந்துரும், காம்பு இருந்தா அட்டாலில தைப்பொங்கல் வரைக்கும் அசையாம இருக்கும். பட்டிப்பொங்கலுக்கு எங்கூட்டுல அவரைக்காயும் அரசாணிக்காயும் இல்லாம எலை போட்டதா எனக்கு ஞாபகமே இல்ல.

நீங்க கடைல பட்டர்நட் எடுக்கறப்பவும் இதையே பாருங்க. கையில எடுத்தா உருவத்துக்கு மீறி கனமா இருக்கோணும், தோலு மினுமினுன்னு இருக்கக்கூடாது, மங்கலா இருக்கோணும், கட்டை விரல் நகத்தை வெச்சு அழுத்துனா எறங்கக்கூடாது, பச்சைக்கோடு இருந்தா இன்னும் முத்தலைன்னு அர்த்தம்.

இப்ப கொழம்பு. இதுக்குத்தான் இத்தனையும்.

தட்டப்பயிறு உங்க ஊர்ல ப்ளாக் ஐடு பீஸ்னு கெடைக்கும், தெக்கு மாநிலங்கள்ல புது வருசத்தன்னிக்கு அதிர்ஷ்டம்னு அதை ஆக்கி சாப்பிடறாங்க. ஒரு டம்ளர் எடுத்து வெறும் வாணல்ல வாசம் வர்ற வரைக்கும் வறுங்க, ஊற வெக்க வேண்டாம், வறுத்ததை மட்டும் கழுவி குக்கர்ல உப்பு போடாம வேகவெச்சு எடுத்துக்கோங்க. குக்கருக்கு வேலை அதோட முடிஞ்சுது, காய் உள்ள போகக்கூடாது. கடலெண்ணெய்ல கடுகு, கறிவேப்பிலை, பத்துப் பன்னெண்டு சின்ன வெங்காயம் (உங்களுக்கு ஷாலட்ஸ்), நாலு பல்லு பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, ரெண்டு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் சீரகம், கொஞ்சம் மொளகு, நாலு வரமொளகா, ஒரு கை தேங்காய் இதையெல்லாம் வறுத்து அரைச்ச விழுதை ஊத்தி, மஞ்சத்தூளும் கொட்டப்பாக்கு அளவு புளியும் கரைச்சு விட்டு கொதிக்க விடுங்க. வெந்த பயிறை போட்டு உப்பு போட்டு, கொழம்பு கூடி வந்து மேல எண்ணெய் தெரிய ஆரம்பிச்சதுக்கு அப்பறந்தான் காய். கடைசில. ரெண்டு விரல் தண்டி துண்டு, தோலோட. பட்டர்நட் தோலு மெலுசுதான், வெந்துரும், நல்லா கழுவுனா போதும். அந்தத் தோலுதான் துண்டை புடிச்சு நிறுத்தறது, நீங்க அதை சீவீட்டு மூணு விசிலும் விட்டா கூழாகாம என்ன பண்ணும்? மூடி போட்டு அடுப்பை கம்மி பண்ணி எட்டுலருந்து பத்து நிமிசம், கரண்டில கிளறாம சட்டியவே புடிச்சு ஒரு சுத்து சுத்தி விடுங்க. ஈர்க்குச்சி இல்லீன்னா ஒரு ஃபோர்க் வெச்சு குத்துனா சதை எறங்கோணும், தோலு லேசா எதுக்கோணும், அந்த நேரத்துல அடுப்பை அமத்தீருங்க, மிச்சத்தை கொழம்போட சூடே பாத்துக்கும்.

பொரியலுக்கும் இதே கணக்குதான், ஒரு சொட்டு தண்ணி விடாதீங்க. தாளிச்சு காயை போட்டு உப்பை தூவி மூடுனா அதுவே தண்ணி விட்டு அதுலயே வேகும், எறக்கறப்ப தேங்காப்பூ போட்டா போதும்.

கேக்குக்கு வாங்க. எங்கூட்டுல சின்ன ஓடிஜி (கரண்ட் ஓவன்) ஒண்ணு இருக்குது, அதுல நான் வருசாவருசம் அரசாணில கேக்கு போட்டுப் பாத்து மனசுக்கு புடிச்ச அளவு இது. பட்டர்நட்டை ரெண்டா பொளந்து வெதையை வழிச்செடுத்துட்டு, வெட்டுன பக்கம் கீழ பாக்க தட்டுல கவுத்து 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல முக்கா மணி நேரம் சுடுங்க. வேகவெச்சா காய் தண்ணி குடிக்கும், சுட்டா இருக்கற தண்ணியும் போய் அதுல இருக்கற சக்கரை கருகற பக்கம் வந்து ஒரு மணம் வரும் பாருங்க, சக்கரவள்ளிக் கெழங்கை சாம்பல்ல பொதைச்சு எடுத்த மாதிரி. ஸ்பூன்ல சதையை தோண்டி மசிச்சு, ஒரு கப் அளந்துக்கோங்க. தட்டுல வெச்சா தண்ணி பிரிஞ்சு ஓடுச்சுன்னா வாணல்ல போட்டு, ஒப்புட்டு (போளி) பூரணம் கிளர்ற மாதிரி அடி விட்டு வர்ற வரைக்கும் கிளறீருங்க.

அந்த ஒரு கப் விழுதுக்கு அரை கப் எண்ணெய், முக்கா கப் நாட்டுச்சக்கரை, ரெண்டு முட்டை சேத்து அடிச்சுக்கோங்க. ஒன்றரை கப் கோதுமை மாவு (பாதி மைதாவும் போடலாம்), ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு இதை சலிச்சு இதோட சேத்து, மாவு மறையற வரைக்கும் மட்டும் கலக்குங்க, அதுக்கு மேல அடிச்சா கேக்கு ரப்பராயிரும். பட்டை, ஜாதிக்காய், கிராம்புன்னு அங்க பம்ப்கின் ஸ்பைஸ் விக்கும், நான் போடறது ஒரு ஸ்பூன் சுக்குத்தூளும் நாலு ஏலக்காயும், நம்ம கச்சாயத்து (வெல்லம் போட்டு சுடற பலகாரம்) வாசம் வரோணும்ல. 350 டிகிரில அம்பது நிமிசம், நடுவுல குச்சி குத்துனா ஒட்டாம வரோணும். அன்னிக்கே வெட்டாதீங்க, அடுத்த நாளு ருசி எறங்கி இன்னும் மெதுவா இருக்கும்.

நாட்டுச்சக்கரைன்னா எங்களுக்கு கவுந்தப்பாடிதான். பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் வாங்கறாங்க. ஊருக்கு வர்றப்ப ரெண்டு கிலோ கட்டிட்டு போங்க, அது வரைக்கும் இந்தியன் கடைல தூள் வெல்லம் போதும், பிரவுன் சுகர் கூட பரவால்ல ஆனா அந்த கரும்பு வாசம் வராது.

ஆப்பிள் சீக்கிரமா சொல்லீர்றேன். பறிச்சதுல மெக்கின்டாஷ் இருந்தா அது கரைஞ்சுரும், புள்ளைக்கு சாஸ் பண்ணி வெச்சிருங்க. நார்தர்ன் ஸ்பை, கிரானி ஸ்மித் மாதிரி புளிப்பா கெட்டியா இருக்கறதை மாங்காய்ப் பச்சடி மாதிரி போடுங்க, கடுகும் வரமொளகாயும் தாளிச்சு துண்டு போட்டு வதக்கி, வெல்லமும் ஒரு கல்லு உப்பும். அரிசிம்பருப்பு சோத்துக்கு அது அத்தனை நல்லா இருக்கும். ஒரு டம்ளர் அரிசிக்கு கால் டம்ளர் தொவரம்பருப்பு, சோறு கொழைய கொழைய இருக்கோணும், மேல நெய்யை ஊத்தி அதை சுடச்சுட வெச்சு, இந்தப் பக்கம் பச்சடி, அந்தப் பக்கம் அரசாணி பொரியல்னு தட்டை நெறச்சு குடுங்க. அஞ்சு மணி இருட்டுக்கு வெளிய குளுர்ல இருந்து வந்த புள்ளை அதை சாப்பிட்டுட்டு அப்பறம் அந்த கேக்கையும் சாப்பிடட்டும். ரெண்டும் ஒரே காய்லருந்து வந்ததுன்னு அவளே வெட்டிப் பாக்கட்டுங்க, சமையல்கட்டுக்குள்ள அவளையும் விடுங்க, வெதையை வழிக்கற வேலை கொழந்தைங்களுக்கு அத்தனை புடிக்கும். அந்த வெதையையும் எறியாதீங்க, கழுவி துணில பரப்பி காய வெச்சு உப்புத்தண்ணி தெளிச்சு வறுத்தா கள்ளக்காய் கொறிக்கற மாதிரி கொறிக்கலாம்.

உங்க அம்மாகிட்ட இனி அளவு கேக்காதீங்க. "அம்மா, கொழம்புக்கு தோலை சீவுவியா, காயை எப்ப போடுவ?"ன்னு இந்த ரெண்டை மட்டும் கேளுங்க. எங்க அம்மிச்சி சீவ மாட்டாங்க, கடைசிலதான் போடுவாங்க. பெருந்துறைப் பக்கம் வேற மாதிரி இருந்தா அதையும் நான் ஒருக்கா வெச்சுப் பாக்கோணும், அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.