மாடிக் கணினியின் மென்பொருள் கீழ்வீட்டு லேப்டாப்பில்

வணக்கமுங்க. அவிநாசிப் பக்கம் எங்க ஊரு. பனியனுக்கு லேபிளும் பிரிண்ட் டிசைனும் போட்டுக் கொடுக்கறனுங்க. மாடியில 16 ஜிபி மெமரியோட ஒரு டெஸ்க்டாப், கீழே 2 ஜிபி பழைய லேப்டாப். ரெண்டுலயும் டெபியன் லினக்ஸ். மேலே இருக்கிற இங்க்ஸ்கேப்ங்கிற டிசைன் மென்பொருளை லேப்டாப் திரையில ஓட்டப் பார்த்தேன். எந்தத் திரையில காட்டணும்னு சொல்ற டிஸ்பிளே மாறியில லேப்டாப்போட ஐபி எண்ணை எழுதி, டெர்மினல் திறக்கறப்பல்லாம் படிக்கிற பேஷ்ஆர்சி ஃபைல்லயும் போட்டு வெச்சேன், யாரு வேணா திரையில இணையலாம்னு சொல்ற எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்சும் கொடுத்தேன். திரையைத் திறக்க முடியலைன்னே வருதுங்க. எங்க தப்பு?
— வாசகர், அவிநாசி

அன்புள்ள ஐயா,

லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பு 1984இல் எம்ஐடியில் தொடங்கிய காலத்திலேயே பிணையத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. நீங்கள் கேட்பது அதற்கு இயல்பான வேலை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: திரையும் விசைப்பலகையும் எந்தக் கணினியில் இருக்கின்றனவோ அங்கேதான் எக்ஸ் செர்வர், அதாவது திரையில் வரைந்து காட்டும் நிரல், ஓடும். உங்களுக்கு அது கீழே உள்ள லேப்டாப். மாடியில் ஓடும் இங்க்ஸ்கேப் அதன் கிளையன்ட், அதாவது வரையச் சொல்லிக் கேட்கும் நிரல். மாடிக் கணினிக்கு மானிட்டர்கூட வேண்டியதில்லை.

நீங்கள் செய்தது பழைய முறை. 2015 முதல் எக்ஸ் செர்வர் இயல்பாக 6000ஆம் போர்ட்டை, அதாவது பிணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலை, திறப்பதில்லை. அதனால்தான் அந்தப் பிழை. திறந்து வைக்கவும் வேண்டாம். எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் கொடுத்துப் போர்ட்டும் திறந்திருந்தால், உங்கள் ஒய்ஃபையில் சேர்ந்த யாரும் திரையைப் பார்க்கலாம், நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லைப் பிடிக்கலாம். எக்ஸ்ஹோஸ்ட் கழித்தல் குறி கொடுத்து அந்த அனுமதியை இன்றே திரும்பப் பெறுங்கள்.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போங்கள். மாடியில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் செர்வரும் திரைக்கான அனுமதிச் சாவியைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற சிறு நிரலும் நிறுவியிருக்க வேண்டும். எக்ஸ்ஆத் இல்லாவிட்டால் இணைப்பு கிடைக்கும், ஜன்னல் மட்டும் திறக்காது. பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். எஸ்எஸ்ஹெச் செர்வரின் அமைப்புக் கோப்பில் ஜன்னல்களை எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்பும் எக்ஸ்11 ஃபார்வர்டிங் 'யெஸ்' என்றிருக்கிறதா பாருங்கள். டெபியனில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிறகு லேப்டாப் டெர்மினலில் எஸ்எஸ்ஹெச், இடைவெளி, கழித்தல் குறியோடு பெரிய எக்ஸ், அடுத்து மாடிக் கணினியின் பயனர்பெயர், அட் குறி, அதன் ஐபி எண். உள்ளே போனதும் டிஸ்பிளே மாறியின் மதிப்பைக் கேளுங்கள். லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று வந்தால் சரி. அதை எஸ்எஸ்ஹெச்சே வைத்துக்கொள்ளும். மாடிக் கணினியின் பேஷ்ஆர்சியில் நீங்கள் எழுதிய வரி இருந்தால் இந்த மதிப்பை அழித்துவிடும்; முதல் வேலையாக அதை நீக்குங்கள். சூடோ போட்டு, அதாவது ரூட் எனும் நிர்வாகிக் கணக்கில், இங்க்ஸ்கேப்பைத் திறக்கவும் கூடாது. திரைக்கான சாவி உங்கள் பயனர் கணக்கில்தான் இருக்கிறது, ரூட்டுக்குக் கிடைக்காது.

லேபிளில் தமிழ் எழுத்து இருக்குமே, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துரு மாடியில் இருக்க வேண்டும். இங்க்ஸ்கேப் எழுத்துகளை அங்கேயே வரைந்து படமாகத்தான் கீழே அனுப்புகிறது. லேப்டாப்பில் எத்தனை எழுத்துரு இருந்தாலும் மேலே இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். விசைப்பலகை அமைப்புக்கு இது நேர்மாறு: லேப்டாப்பில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் எக்ஸ் தரும் தமிழ்99 தானாகப் புள்ளி வைக்காது, நீங்களே வைக்க வேண்டும்.

இனி வேகம். கோடும் எழுத்துமாக வரைகிற பழைய நிரல்கள் ஒய்ஃபையிலேயே நன்றாக ஓடும். இங்க்ஸ்கேப் அப்படியில்லை, பிக்சல்களாக அனுப்பும். 1920×1080 திரை முழுவதும் ஒருமுறை மாற சுமார் 8.3 எம்பி. 100 மெகாபிட் கேபிளில் நொடிக்கு 12.5 எம்பிதான் உச்சம். ஜூம் செய்யும் ஒவ்வொரு முறையும் அரை நொடிக்கு மேல் காத்திருப்பீர்கள். ஜிகாபிட் (1000 மெகாபிட்) என்றால் நொடிக்கு 15 தடவை வரை மாறலாம். அதனால் மாடிக்கு கேட்5இ வகைப் பிணையக் கேபிள் இழுப்பதுதான் என் யோசனை. நான்கு ஜோடிக் கம்பிகளையும் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். இரண்டு ஜோடி மட்டும் போட்டால் 100 மெகாபிட்டில் நின்றுவிடும். ரவுட்டரின் போர்ட்டும் ஜிகாபிட்தானா என்று பாருங்கள். மலிவான ரவுட்டர்களில் பெரும்பாலும் இருக்காது. எஸ்எஸ்ஹெச்சின் சுருக்கும் வசதி மெதுவான இணைப்புக்குத்தான். நல்ல கேபிளில் அது சிபியுவுக்கு வீண் சுமை.

கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலோ, மூடி வைத்த லேப்டாப் உறங்கிப்போனாலோ, எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறும். அதோடு இங்க்ஸ்கேப்பும் மூடிக்கொள்ளும், சேமிக்காத டிசைன் போய்விடும். மின்வெட்டு உள்ள ஊரில் இதை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு கணினியிலும் எக்ஸ்பிரா என்ற நிரலை நிறுவிக்கொள்ளுங்கள், கூடுமானவரை ஒரே பதிப்பாக. இணைப்பு அறுந்தாலும் நிரல் மாடியில் ஓடிக்கொண்டே இருக்கும், மறுபடி இணைத்தால் விட்ட இடத்தில் ஜன்னல் வந்து நிற்கும். படத்தைச் சுருக்கி அனுப்புவதால், கேபிள் வரும்வரை ஒய்ஃபையிலும் சமாளிக்கலாம். மாடிக் கணினியே அணைந்தால் எக்ஸ்பிராவாலும் காப்பாற்ற முடியாது. யுபிஎஸ் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதை மேலே வையுங்கள். லேப்டாப்புக்கு அதன் பேட்டரி போதும்.