மலை வீட்டுக்கு எந்த ரோபோ மாப்?

கேள்வி: குன்னூரில் எங்களுடையது பழைய வீடு. முன்னறைகள் இரண்டும் பலகைத் தரை; அங்கே கம்பளி விரிப்புகள் உண்டு. ஹாலும் சமையலறையும் சிவப்பு ஆக்சைடு தரை. அறைக்கு அறை நிலைப்படி இருக்கிறது. முட்டி வலியால் குனிந்து துடைக்க முடியவில்லை, வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் வாரம் மூன்று நாள்தான் வருகிறார். தானே தூசி உறிஞ்சித் தரையும் துடைக்கும் ரோபோ வாங்கலாம் என்று பார்த்து, ட்ரீமி எக்ஸ்50 அல்ட்ரா, எகோவாக்ஸ் எக்ஸ்8 ப்ரோ ஆம்னி என்று இரண்டு மாடலில் வந்து நிற்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கிருந்தே வாங்கி வருகிறேன் என்கிறான். எதை எடுக்கலாம்? (வாசகி, குன்னூர்)

பதில்: முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு நிலைப்படிகளை அளந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கடைக்காரர் முதலில் காட்டுவது உறிஞ்சு சக்தியைத்தான். ஒன்றில் 20,000 பாஸ்கல், இன்னொன்றில் 18,000 பாஸ்கல் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும். இந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். உறிஞ்சும் வாயை அடைத்து வைத்தால் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஓடும்போது எவ்வளவு காற்று உள்ளே போகிறது, பிரஷ் எவ்வளவு குப்பையைக் கிளறுகிறது என்பதைச் சொல்வதில்லை. நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். அதே வேகத்தில் சுற்றும் விசிறி, காற்று மெலிந்த இடத்தில் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் இழுக்கும். அப்படிக் குறைந்தாலும் இந்த இரண்டு மாடலிலும் வீட்டுத் தூசிக்கு வேண்டியதற்கு மேலேயே சக்தி இருக்கிறது. 18,000-க்கும் 20,000-க்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் தரை கண்டுபிடிக்கப் போவதில்லை.

வித்தியாசம் மாப்பில்தான். ட்ரீமியில் அடியில் இரண்டு வட்டத் துணிகள் சுழன்று தேய்க்கும். துடைக்கத் துடைக்கத் துணி அழுக்காகும். அவ்வப்போது டாக்குக்கு (ரோபோ சார்ஜ் ஏற்றிக்கொண்டு துணியை அலசும் நிலையம்) திரும்பிப் போய் அலசிக்கொண்டு வரும். எகோவாக்ஸில் துணி சுற்றிய ஓர் உருளை. ஓடும்போதே அதன் மேல் நல்ல தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும், அழுக்குத் தண்ணீரை ஒரு பட்டை வழித்து உள்ளே தனித் தொட்டியில் சேர்க்கும். சாம்பார் சிந்திய இடம், டீக்கறை, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு இவற்றுக்கு உருளைதான் மேல். அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகாது. உங்கள் வீடு முழுக்க டைல்ஸ் என்றால் யோசிக்காமல் உருளையைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்களிடம் கம்பளி விரிப்பு இருக்கிறது. ரோபோ விரிப்பின் மேல் ஏறும்போது ஈர மாப்பை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தூக்கிக்கொள்ளும். மெல்லிய விரிப்புக்கு அது போதும். மலை வீடுகளில் போடும் தடித்த கம்பளிக்கு, அதுவும் பக்கத்தில் குஞ்சம் தொங்கும் ரகத்துக்குப் போதாது. ஈரத்துணி உரசிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் ஒரு தடவை நனைந்த கம்பளி நாலு நாள் ஆனாலும் காயாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எக்ஸ்50 அல்ட்ரா அந்தத் துணிகளை டாக்கிலேயே கழற்றி வைத்துவிட்டு, வெறும் வேக்யூமாக விரிப்புக்கு வரும். உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்வது முக்கியமாக இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

கால் முளைத்த ரோபோ என்று அதை விளம்பரப்படுத்துகிறார்கள். ஒரே படியாக 4.2 செ.மீ., இரண்டு படியாக இருந்தால் 6 செ.மீ. வரை ஏறும் என்பது கம்பெனி சொல்லும் அளவு. மற்ற பெரும்பாலான ரோபோக்கள் 2 செ.மீ. அளவில் நின்றுவிடும். பழைய வீட்டு நிலைப்படியில் பொதுவாக இரண்டு சிக்கல்: உயரம் ஒன்று, விளிம்பு செங்குத்தாக இருப்பது இன்னொன்று. ஒன்றரை அங்குலம் வரை என்றால் இந்த மாடல் ஏறிவிடும். அதற்கு மேல் போனால் நம்ப முடியாது. அங்கே தச்சரிடம் சொல்லி, படியின் இரு பக்கமும் சாய்வாக ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். காலுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கட்டை வைக்கும்போது வீட்டில் யாரும் தடுக்கி விழாத மாதிரி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலகைத் தரைக்கு ஆப்பில் தண்ணீர் அளவை ஆகக் குறைவாக வையுங்கள். மெழுகு போட்ட பழைய தேக்குப் பலகை என்றால் வாரத்துக்கு ஒரு நாள் துடைத்தால் போதும், மற்ற நாளில் வெறும் வேக்யூம். பலகை இடுக்குகளில் ஈரம் இறங்கினால் ஓரம் உப்பிக்கொள்ளும். சிவப்பு ஆக்சைடு எந்த மாப்பையும் தாங்கும்.

இன்னொரு விஷயம், நம் பக்கத்துக்கு மிக முக்கியம்: துணியை எப்படிக் காயவைக்கிறது? சில டாக்குகள் அறைக் காற்றை அப்படியே ஊதும், சில டாக்குகள் சூடாக்கி ஊதும். ஜூலையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும்போது அறைக் காற்றை ஊதிப் பயன் இல்லை. அந்தக் காற்றே ஈரமாக இருக்கிறது. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் 65 கிராம் வரை தாங்கும், ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதனால்தான் சூடான காற்று துணியைக் காயவைத்துவிடுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு மாடலிலும் இந்த வசதி இருக்கிறது. விலை பார்த்து வேறு மாடலுக்கு இறங்கினாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காயாத துணியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், நூல்களுக்கு நடுவே கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அந்தத் துணியால் துடைத்த தரையில் நடந்தால் கால் பிசுபிசுக்கும், அறை முழுக்க ஈரச்சாக்கு வாடை வீசும்.

டாக்கில் இருக்கும் தூசிப் பைக்கும் இதே கதிதான். இரண்டு மாதம் வரும் என்று போட்டிருந்தாலும் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை மாற்றுங்கள். அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை அன்றன்றே கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ரோபோ இருந்தால் கை வைக்கவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரஷ்ஷில் சுற்றிய முடியைக் கத்தரியால் வெட்டி எடுக்கும் வேலையும் நம்முடையதுதான். முட்டி வலிக்காரர் அதை மேஜை மேல் வைத்துச் செய்யலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மகனிடம் சிங்கப்பூரில் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கும் 230 வோல்ட்தான் என்பதால் மின்சாரப் பிரச்சினை வராது. ஆனால் பொதுவாக வாரண்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். சில மாடல்கள் வேறு நாட்டுக் கணக்கில் ஆப்போடு சேராமல் மல்லுக்கட்டும். இந்தியாவில் பில்லோடு வாங்குங்கள், பெட்டி மேல் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அது இருந்தாக வேண்டும்.

கேள்வி: கோத்தகிரியில் நாலு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கேமரா உள்ள மாடல்தான் புத்திசாலி என்கிறார்கள், விருந்தினர் அறைக்குள் கேமராவை விடலாமா? அறைகளில் கணப்பும் இருக்கிறது. (வாசகர், கோத்தகிரி)

பதில்: விடாதீர்கள். வீட்டு வரைபடம் போடுவதற்குக் கேமரா தேவையே இல்லை. தலையில் சின்னக் கோபுரம் மாதிரி இருக்கும் லேசரே அதைச் செய்துவிடும். மதியம் மூன்று மணிக்கே மூடுபனியில் அறை இருட்டிவிடும் ஊரில், வெளிச்சத்தை நம்பி இருக்கும் கேமராவைவிட இருட்டிலும் வேலை செய்யும் லேசர்தான் தோது. விலை கூடிய மாடல்களில் கேமராவை வைப்பது தரையில் கிடக்கும் வயர், காலுறை, நாய் அசிங்கம் இவற்றை அடையாளம் கண்டு ஒதுங்குவதற்காக. விருந்தினர் காலி செய்த அறையில் ஆள் போய்ப் படுக்கை மாற்றும்போதே தரையில் கிடப்பதை எடுத்துவிடுவார்கள், அதனால் உங்களுக்கு அந்த லாபமும் பெரிதாக இல்லை.

பயம் வெறும் பேச்சல்ல. 2024 மே மாதம் அமெரிக்காவில் சில நகரங்களில் எகோவாக்ஸ் எக்ஸ்2 ரோபோக்களுக்குள் யாரோ புகுந்து, அதன் ஒலிபெருக்கி வழியாக வீட்டுக்காரர்களையே கெட்ட வார்த்தையில் திட்டிய சம்பவம் நடந்தது; ஆஸ்திரேலியாவின் ஏபிசி செய்தி நிறுவனம் அதை விரிவாக வெளியிட்டது. உங்கள் சொந்த வீடு என்றால் கடவுச்சொல்லைக் கடினமாக வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். அறையை வாடகைக்கு விடும் இடத்தில் லென்ஸ் உள்ள எதுவும் கட்டிலடியில் ஓடக்கூடாது. ஒரு விருந்தினர் அதைப் படம் எடுத்துப் போட்டால் போதும், உங்கள் சீசன் போச்சு.

கணப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கற்பூர மரக் (யூக்கலிப்டஸ்) கட்டை எரிந்த சாம்பல் மேலே ஆறின மாதிரி தெரியும், உள்ளே கங்கு இருக்கும். ஒரு கங்கு தூசிப் பெட்டிக்குள் போனால் காகித ஃபில்டரும் தலைமுடியும் சேர்ந்து பற்றிக்கொள்ளும், கூடவே லித்தியம் பேட்டரியும் இருக்கிறது. ஆறிய சாம்பல்கூட ஃபில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும். ஆப்பில் கணப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் தடைக் கோடு போட்டுவிட்டு, சாம்பலை வழக்கம்போலத் தகர முறத்தில் அள்ளுங்கள்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய ரோபோவின் டாக் ஐந்தாம் மாதமே தண்ணீர் ஏற்றுவதை நிறுத்திவிட்டது. கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு நீங்களே கொண்டுவாருங்கள் என்கிறார்கள். வாரண்டி ஒரு வருடம். என்ன செய்வது? (வாசகர், ஊட்டி)

பதில்: முதலில் நல்ல தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி, அடியில் இருக்கும் சின்ன ரப்பர் வால்வைப் பாருங்கள். பாசியோ மண்ணோ அடைத்திருந்தால் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே சரியாகிவிடும். தொட்டியில் பினாயிலோ வேறு சோப்போ ஊற்றியிருந்தால் அதைக் கம்பெனி காரணம் காட்டும். கம்பெனி சொன்ன திரவம் தவிர வேறு எதுவும் ஊற்றக்கூடாது என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால், வாரண்டி அட்டையில் சர்வீஸ் வீட்டுக்கு வந்தா, சென்டரிலா என்று படியுங்கள். வாங்கும்போது உங்கள் பின்கோடுக்கு 'வீட்டில் சர்வீஸ்' என்று காட்டியிருந்தால் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் பெரிய ஆயுதம். போனில் சண்டை போடுவதை விட்டுவிட்டு, பழுது என்ன, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, பெட்டியை அவர்கள் செலவில் எடுத்துப்போக வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் நகல் அனுப்புங்கள். அந்த அதிகாரியின் பெயரைத் தளத்தில் போட வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி.

பதில் வராவிட்டால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்; தமிழிலேயே பேசலாம். எனக்குத் தெரிந்த பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதிலும் நகரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஊட்டியிலேயே நீலகிரி மாவட்ட ஆணையம் இருக்கிறது, கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இனி வாங்குகிறவர்கள் வாரண்டி முடியும்வரை பரணில் வைத்திருங்கள். கூரியர்காரர் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏற்றி இறக்கும் பெட்டிக்குள் தெர்மோகோல் இல்லாவிட்டால், ஒரு பழுதோடு போனது இரண்டு பழுதோடு வரும்.

கேள்வி: மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் ரோபோ பாதியில் நின்றுவிடுமா? (வாசகி, கூடலூர்)

பதில்: நிற்காது, பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் டாக் செத்துக் கிடக்கும், அதனால் துணியை அலசவோ சார்ஜ் ஏற்றவோ முடியாது. டாக் இருக்கும் இடம் தெரியாமல் சில மாடல்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கட்டிலடியில் படுத்துக்கொள்ளும். மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்தால், இணைய லைன் உயிரோடு இருக்கும்வரை அது எங்கே கிடக்கிறது என்று ஆப்பில் பார்க்கலாம். இடி இடிக்கும் நாளில் டாக்கின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெரு என்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள். தண்ணீர் சூடாக்கும் டாக் என்றால் அதன் அடியில் அச்சிட்டிருக்கும் வாட்ஸ் அளவைப் பார்த்து அதற்கு மேல் தாங்குவதாக வாங்க வேண்டும். டிவிக்குப் போட்டிருக்கும் சின்ன ஸ்டெபிலைசர் போதாது.