பெர்க்லியா, சான் ஹோசேயா?

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவின் கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா கம்யூனிட்டி கல்லூரியில் முதலாண்டை முடித்திருக்கிறான். அடுத்த ஆண்டு ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாமாண்டில் சேர வேண்டும். பெர்க்லி கிடைக்காவிட்டால் இந்த இரண்டு வருடமும் வீண் என்கிறார் என் அண்ணன். வீட்டிலிருந்தே போய்வரலாம், சான் ஹோசே ஸ்டேட் போதும் என்கிறார் என் கணவர். எதை வைத்து முடிவு செய்வது?
– ஒரு வாசகி, சன்னிவேல்

பதில்: இரண்டு வருடம் வீண் என்ற பேச்சு உங்கள் மகனின் காதில் விழாமல் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் 1960ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டம் தொட்டே, கம்யூனிட்டி கல்லூரியில் ஈராண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அந்த மாநிலம் தானே போட்டுவைத்த பாதை. மாற்றுச் சேர்க்கையில் யூசி வளாகங்கள், அதாவது பெர்க்லியையும் உள்ளடக்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள், முன்னுரிமை தருவதும் அங்குள்ள கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்குத்தான்.

எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு, உங்கள் மகன் இதுவரை எடுத்த பாடங்களும் இனி எடுக்கப்போகும் பாடங்களுமே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வ இணையதளத்தை அவனோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். டி ஆன்சாவையும் பெர்க்லியையும் மெக்கானிக்கல் துறையையும் தேர்ந்தெடுத்தால், பல்கலைக்கழகம் கேட்கும் பாடம் இடப்பக்கத்திலும் அதற்கு ஈடான டி ஆன்சா பாடம் வலப்பக்கத்திலும் வரிசையாக வரும். அந்தப் பக்கத்தை அச்சிட்டு, முடித்த பாடங்களைப் பேனாவால் அடித்துவிட்டு, மீதமுள்ளவை அடுத்த ஆண்டின் மூன்று பருவங்களுக்குள் அடங்குமா என்று எண்ணிப் பாருங்கள். டி ஆன்சாவில் காலாண்டு முறை, பெர்க்லியிலும் சான் ஹோசேயிலும் செமஸ்டர் முறை என்பதால், இயற்பியல் போன்ற தொடர் பாடங்களில் ஒரு பகுதியை விட்டாலும் அங்கே கணக்கில் சேராமல் போகக்கூடும். தொடங்கிய தொடரை அதே கல்லூரியில் முடித்துவிடுவதே பாதுகாப்பு. பொதுப் பாடங்கள் ஒன்றிரண்டு பாக்கி நின்றாலும் பொறியியல் மாணவர் பிறகு முடித்துக்கொள்ளலாம், கணிதத்தையும் இயற்பியலையும் அப்படித் தள்ளிப்போட முடியாது. சேர்ந்த பிறகு துறை மாறிக்கொள்ளலாம் என்று எண்ணி வேறு துறைக்கு விண்ணப்பிக்கவும் வேண்டாம். இடத்துக்குப் போட்டி மிகுந்த துறைகளில் அந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கும்.

உங்கள் வீட்டு விவாதத்தில் விடுபட்டுப்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள், குறித்த மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே வாக்களிக்கின்றன. டேக் எனப்படும் இந்த உறுதிச் சேர்க்கை பெர்க்லியில் இல்லை. ஆறில் ஒரு வளாகத்துக்கு மட்டுமே, அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாத் துறைகளுக்கும் இது கிடையாது என்பதால், மெக்கானிக்கலுக்கு எந்தெந்த வளாகத்தில் உண்டு என்பதை இந்த ஆண்டின் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஓர் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அக்டோபர், நவம்பரில் பெர்க்லிக்கும் சான் ஹோசேக்கும் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாநிலவாசிகளுக்கு யூசியின் கல்விக் கட்டணம் சான் ஹோசே போன்ற ஸ்டேட் பல்கலைக்கழகங்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. சன்னிவேலிலிருந்து பெர்க்லிக்குத் தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை என்பதால் அறை வாடகையும் சேரும். கல்வி உதவித்தொகை போக மிச்சத்தைப் பெருங்கடனின்றிக் கட்ட முடியுமானால், பெர்க்லியில் இடம் கிடைத்த பிள்ளையைத் தடுக்க வேண்டாம் என்பேன். கடன் கழுத்தை நெரிக்கும் என்றால் சான் ஹோசேக்கே அனுப்புங்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பொறியாளரானவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அண்ணனை அவர்களோடு பேசச் சொல்லுங்கள்.

விண்ணப்பித்ததோடு வேலை முடிந்துவிடாது. இலையுதிர் பருவ மதிப்பெண்களை ஜனவரியில் யூசிக்குத் தெரிவிக்க வேண்டும். இதை மறந்து இடத்தை இழப்பது மிகவும் வேதனையானது. யூசியில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்ள ஜூன் 1 வரை அவகாசம் உண்டு. அதற்குள் பெர்க்லிக்கும் சான் ஹோசேக்கும் மகன் தனியாக ஒரு நாள் போய்வரட்டும். கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து வந்து மெக்கானிக்கல் படிக்கும் மாணவர் ஒருவரைத் துறையில் சந்தித்து, முதல் செமஸ்டரில் எந்தப் பாடங்கள் கிடைத்தன, எவை கிடைக்காமல் தள்ளிப்போயின என்று அவன் கேட்டு வரட்டும்.