ஒரு மா நிலத்தில் ஒற்றை நாற்று

ஐயா, வணக்கம்.

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை, போர்த் தண்ணீர் உண்டு. விதைநெல் மட்டும் ஏக்கருக்கு 30 கிலோ போகிறது. வருகிற குறுவைக்கு முழுவதும் ஒற்றை நாற்று நடவுக்கு மாறலாம் என்கிறேன். “தெரிந்த வெள்ளாமையை விட்டுவிட்டு எதற்கு இந்த விஷப்பரீட்சை?” என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முறை நல்ல முறைதான். முதல் வருஷமே ஐந்து ஏக்கரிலும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மடகாஸ்கரில் 1980களில் உருவாகி, தமிழ்நாட்டில் ‘ராஜராஜன் 1000’ என்று பெயர் வைத்து அரசே பரப்பிய முறை இது. இருந்தாலும் உங்கள் வயலுக்கும் உங்கள் ஊர் நடவு ஆட்களுக்கும் புதிது. ஒரு மா, அதாவது 33 சென்ட் மட்டும் எடுங்கள். போனால் தாங்கக்கூடிய அளவு அதுதான்.

எந்த மா என்பதை அப்பாவே சொல்லட்டும். தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வடியும் என்பது அவருக்குத்தான் தெரியும். தனி வடிகால் இருக்க வேண்டும், போர்த் தண்ணீர் நேராகப் பாய வேண்டும். முறைத் தண்ணீரை நம்பிய வயல் வேண்டாம். வாய்க்காலில் வரும்போது பிடித்து வைக்கத்தான் தோன்றும், அது இந்தப் பயிருக்கு ஆகாது. உவர் மண்ணும் வேண்டாம், காயவிட்டால் உப்பு மேலே ஏறும்.

மாற்றுவது நடவு முறையை மட்டும். ஆடுதுறை 43 ஆனாலும் கோ 51 ஆனாலும் அப்பா போடும் ரகமே இருக்கட்டும், உரமும் அதே அளவு. ரகத்தையும் சேர்த்து மாற்றினால் விளைச்சல் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று அறுவடையில் யாராலும் சொல்ல முடியாது.

ஒரு மாவுக்கு ஒரு கிலோ விதை போதும். மூன்றில் ஒரு சென்ட் இடத்தில் பாலிதீன் தாள் விரித்து, மண்ணும் மக்கிய எருவும் கலந்து நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி விதையுங்கள். அப்பாவின் நாற்றங்காலையும் அதே நாளில் விடச் சொல்லுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

14ஆம் நாள் நடவு. அதற்குமுன் வயலைச் சமன்படுத்துவதில்தான் பாதி வெற்றி. பள்ளத்தில் நாற்று அழுகும், மேட்டில் களை மண்டும். நாற்றைப் பிடுங்கிக் காலில் அடித்து முடி கட்டக் கூடாது. மண்ணோடு தட்டில் அள்ளி, அரை மணி நேரத்துக்குள் நட்டுவிட வேண்டும். குத்துக்கு, அதாவது நடும் ஒவ்வொரு இடத்துக்கும், ஒரே நாற்று, மேலாக வைத்தால் போதும். அழுத்திச் செருகினால் வேர் நுனி மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும், பச்சை பிடிக்க நாளாகும். இடைவெளி 22.5 சென்டிமீட்டர், கயிறு பிடித்து இரண்டு பக்கமும் வரிசை நேராக வர வேண்டும். மூன்று நாலு நாற்றாகச் சேர்த்து நட்டுப் பழகிய கைகளுக்கு இது மெதுவாகத்தான் போகும். குத்தகைக்கு விடாமல் நாள் கூலி கொடுங்கள். அவசரத்தில் கயிறு கோணினால் பிறகு களைக்கருவி ஒரு பக்கம்தான் ஓடும். மிச்ச நாற்றை வயல் மூலையில் செருகி வையுங்கள், நண்டு வெட்டிய இடத்துக்கு ஆகும்.

முதல் இரண்டு வாரம் வயலைப் பார்க்கச் சகிக்காது. சதுர மீட்டருக்கு இருபதே குத்து, எல்லாம் ஒற்றைத் தாள். வரப்பில் போகிறவர்கள் “நட்டாச்சா, இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு இடையில் இன்னொரு வரிசை நடக் கை பரபரக்கும். பெரும்பாலானவர்கள் பாதியில் கைவிடுவது இங்கேதான். தூர் வெடித்துப் பக்கத் தாள்கள் கிளம்பத் தொடங்கியபின் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரே நாளில் விதைக்கச் சொன்னது இதற்காகத்தான். அப்பா தன் நாற்றை 25ஆம் நாள் நடும்போது உங்கள் நடவுக்கு வயது 11. அன்று காலை வயலில் இறங்கி எண்ணுங்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் செத்திருந்தால் மறுபடி சேறடித்து அவர் நாற்றையே நட்டுவிடலாம், குறுவை கைவிட்டுப் போகாது. அவர் நாற்றங்காலில் அந்த ஒரு மாவுக்கும் சேர்த்தே விதை விடச் சொல்லுங்கள். வீம்புக்கு அதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

தண்ணீர் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வயல் மயிரிழையாக வெடித்ததும் அடுத்த தண்ணீர். கதிர் உருவாகத் தொடங்கியபின் இப்படிக் காயவிடக் கூடாது, நின்ற தண்ணீர் வற்றிய மறுநாளே பாய்ச்ச வேண்டும்.

தண்ணீர் நிற்காத வயலில் களை வரத்தான் செய்யும். நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளைக்கு ஒரு தடவை, நாலு முறை கோனோ வீடர் என்ற உருளைக் களைக்கருவியை வரிசைகளுக்கு இடையே ஓட்ட வேண்டும். லேசாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், காய்ந்த களிமண்ணில் நகராது. குத்தோடு ஒட்டிய களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். விதையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு இந்தக் கூலிக்கே போகும், கணக்கில் மறைக்காதீர்கள்.

அறுவடையில் மூட்டையை எண்ணி முடிவு கட்ட வேண்டாம். உங்கள் மாவிலும் பக்கத்து மாவிலும் வரப்போரத்தை விட்டு உள்ளே 5க்கு 5 மீட்டர் அளந்து, ஒரே நாளில் அறுத்து, அடித்து, ஒரே மாதிரி காயவைத்து நிறுங்கள். வந்த எடையை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. தராசைப் பிடிப்பது அப்பாவாக இருக்கட்டும். கூடுதல் நெல்லின் விலை களைக் கூலியைத் தாண்டினால் அடுத்த குறுவைக்கு ஒரு ஏக்கர் போடலாம். சம்பாவுக்கு இப்போதைக்கு வேண்டாம். நட்ட சில நாளில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் 14 நாள் நாற்று தண்ணீருக்குள் போய்விடும்.